பல்லி விற்கும் சீட்டுக்கு ஒரு விளக்கவுரை

மூலம்:

“0.1 மேக் ஸ்னோ ட்ரெம்பர் அல்பினோ. 100% ஹெட் எக்ளிப்ஸ், 66% ஹெட் பிளிஸார்ட். டேஞ்சரின் வழி. 80 டிகிரி.”

உரை:

அமெரிக்காவின் ஊர்வனக் கண்காட்சிகளில் மேசை நிறையச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். டப்பாவுக்கு ஒரு பல்லிக் குஞ்சு, மூடியில் ஒரு சீட்டு. மேலே மூலமாகத் தந்திருப்பது குறிப்பிட்ட எந்த விற்பனையாளருடைய சீட்டும் அன்று. அந்த வட்டாரத்தில் புழங்கும் சொற்களை அவர்கள் எழுதும் முறையிலேயே கோத்து, உரை எழுதுவதற்காக நான் அமைத்துக்கொண்டது. இலக்கணச் சூத்திரத்தின் இறுக்கம் இதற்கும் உண்டு. வினைச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. படிக்கத் தெரிந்தவருக்கு இதில் ஒரு குடும்ப வரலாறே இருக்கிறது. மற்றவருக்கு இது வெறும் ஒலி.

சீட்டு பேசுவது லெப்பர்ட் கெக்கோவைப் பற்றி. சிறுத்தைப் பல்லி என்று சொல்லிக்கொள்ளலாம். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு உறவுதான், ஆனால் சுவரேறத் தெரியாது. விரலடியில் ஒட்டும் தகடு இல்லை. இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். கொழுப்பைச் சேர்த்துவைக்கப் பருத்த வால். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் ஆகியவற்றின் வறண்ட கல்நிலங்கள் இதன் தாயகம். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத் 1854இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இயற்கையில் இதன் நிறம் மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி, அவ்வளவுதான். வெள்ளை, ஆரஞ்சு, புள்ளியே இல்லாதது, கண் முழுக்கக் கறுத்தது என்று இன்று விலைக்குக் கிடைக்கும் நிறங்களில் பெரும்பாலானவை 1990களிலிருந்து வளர்ப்பவர்களின் கூடுகளில் தோன்றிப் பெருக்கப்பட்டவை. இந்த நிறவகைகளை மார்ஃப் என்கிறார்கள்.

நம் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கும். இங்கே பல்லிக்கே பலன் பார்க்கிறார்கள். இந்தப் பெண்ணோடு அந்த ஆணைச் சேர்த்தால் என்ன நிறத்தில் குஞ்சு பொரியும்? கேள்வி பொழுதுபோக்குக்காகக் கேட்பதுபோல் இருந்தாலும் பணம் அதில்தான் இருக்கிறது. புள்ளி போட்ட சாதாரணக் குஞ்சு மலிவு. இரண்டு மூன்று மார்ஃபுகள் ஒன்றுகூடிய குஞ்சு அதைப்போலப் பல மடங்கு. ஆகவே சீட்டில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் விலையில் ஏறும். சிக்கல் என்னவென்றால் சொற்கள் எல்லாம் ஒரே மையில் அச்சாகியிருக்கின்றன, அவற்றின் உறுதி ஒன்றாக இல்லை. ஒன்று கண்ணால் கண்டது. ஒன்று பெற்றோரை வைத்துத் தீர்மானித்தது. ஒன்று வெறும் விகிதம். ஒன்று விற்பவரின் ரசனை. எது எந்த வகை என்று பிரித்துச் சொல்வதே இவ்வுரையின் வேலை.

“0.1”

புள்ளிக்கு முன்னால் ஆண், பின்னால் பெண். 1.0 என்றால் ஓர் ஆண். 1.2 என்றால் ஆண் ஒன்று, பெண் இரண்டு. மூன்றாவதாக ஓர் எண் வந்தால் அது பால் தெரியாதவற்றின் கணக்கு. எனவே 0.1 என்பது ஒரு பெண். டப்பாவில் இருப்பது ஒரு மாதக் குஞ்சு. அந்த வயதில் பார்த்துப் பால் சொல்வது கடினம். பிறகு எப்படிப் பெண் என்று எழுதினார்கள்? அதற்கு விடை சீட்டின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. அங்கே பார்ப்போம்.

“மேக் ஸ்னோ”

இந்தப் பல்லியின் தோலில் நிறம் தருபவை மூன்று வகைச் செல்கள். கருமை தருவது ஒன்று, மஞ்சள் தருவது ஒன்று, தானே நிறமில்லாமல் ஒளியைத் திருப்பியடித்து வெண்மை காட்டுவது ஒன்று. பெரும்பாலான மார்ஃபுகள் இம்மூன்றில் ஒன்று கூடியதாலோ குறைந்ததாலோ வருபவை. மேக் ஸ்னோவில் குறைவது மஞ்சள். குஞ்சு பொரிக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கும். வளர வளர மஞ்சள் ஓரளவு திரும்பி வரும். வளர்ந்த மேக் ஸ்னோ சிலவற்றைச் சாதாரணப் பல்லியென்றே எண்ணத் தோன்றும். குஞ்சிலேயே படம் எடுத்து வைப்பவர்கள் புத்திசாலிகள்.

இதன் மரபு வழி எளிது. அந்திமந்தாரைச் செடியில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் சேர்த்தால் இளஞ்சிவப்பு வரும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதே முழுமைபெறா ஓங்குதன்மைதான் இதுவும். மரபணு ஒரு பிரதி இருந்தால் மேக் ஸ்னோ. இரண்டு பிரதி இருந்தால் சூப்பர் ஸ்னோ: வெள்ளை உடம்பில் கரும்புள்ளி வரிசைகள், இரண்டு கண்ணும் முழுக் கறுப்பு. மேக் ஸ்னோவைச் சாதாரணப் பல்லியோடு சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு மேக் ஸ்னோக்களைச் சேர்த்தால் நான்கில் ஒன்று சூப்பர், இரண்டு மேக், ஒன்று சாதாரணம். சூப்பரைச் சாதாரணத்தோடு சேர்த்தால் எல்லாமே மேக். ஒரு பிரதியும் வெளியே தெரிவதால் இதில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. சீட்டிலேயே மிக நேர்மையான சொல் இதுதான்.

“மேக்” என்ற முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. டக் ஸ்னோ, ஜெம் ஸ்னோ என்று வேறு பரம்பரைகளும் ஸ்னோ என்ற பெயரில் புழங்குகின்றன. வெறுமனே “ஸ்னோ” என்று எழுதிய சீட்டை வைத்து அடுத்த தலைமுறையைக் கணக்கிட முடியாது.

“ட்ரெம்பர் அல்பினோ”

அல்பினோ என்றதும் பால்வெள்ளையை நினைக்க வேண்டாம். இதில் கருமை மட்டும் போகும். அதன் இடத்தில் பழுப்போ இளஞ்சிவப்போ நிற்கும், மஞ்சள் அப்படியே இருக்கும். இது ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி, இரண்டும் கூடினால்தான் வெளியே தெரியும். ஆகவே இந்தக் குஞ்சு அல்பினோவாக இருப்பதே பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணு இருந்தது என்பதற்குச் சாட்சி. வருங்காலமும் இதனால் தெளிவாகிறது: இவள் இடப்போகும் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பிரதி கட்டாயம் போகும்.

இதுவரை பள்ளிக் கணக்கு. சிக்கல் “ட்ரெம்பர்” என்ற சொல்லில் இருக்கிறது. இந்தப் பல்லியில் அல்பினோ 1990களில் மூன்று தனித்தனிப் பரம்பரைகளில் தோன்றியது. கண்டெடுத்து நிலைப்படுத்தியவர்களின் பெயரால் ட்ரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்கிறார்கள். டெக்சாஸ் வழி, லாஸ் வேகாஸ் வழி, ஃப்ளோரிடா வழி என்ற பெயர்களும் முறையே இவற்றுக்கு உண்டு. மூன்றும் ஒடுங்கு பண்புகள். மூன்றும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ட்ரெம்பர் அல்பினோவையும் பெல் அல்பினோவையும் சேர்த்தால் ஓர் அல்பினோகூட வராது. எல்லாம் சாதாரணப் புள்ளிப் பல்லிகள்!

புதிதாக வளர்ப்பவர்கள் அதிர்ந்துபோகும் இடம் இது. மரபியலாருக்குப் பழைய கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் பேட்சனும் புன்னெட்டும் இனிப்புப் பட்டாணிச் செடியில் இதையே கண்டார்கள். வெள்ளைப் பூச் செடி இரண்டைச் சேர்த்தார்கள். பிறந்தவை எல்லாம் ஊதாப் பூ. நிறமி ஒரே அடியில் உண்டாவதில்லை, படிப்படியாகத் தயாராகிறது. ஒரு செடியில் ஒரு படி பழுது, மற்றதில் வேறொரு படி பழுது. ஒன்றிடம் இல்லாததை மற்றது கொடுத்துவிட, பிள்ளைக்கு இரண்டு படியும் வேலை செய்கின்றன. ட்ரெம்பரும் பெல்லும் ஒன்றையொன்று இட்டு நிரப்புவதால் இவை வெவ்வேறு மரபணுக்களின் பழுது என்று முடிவு செய்யலாம்.

அப்படிப் பிறந்த சாதாரணக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் என்ன ஆகும்? பட்டாணிக்கு வந்த அதே 9:7. பதினாறில் ஒன்பது சாதாரணம், ஏழு அல்பினோ. அந்த ஏழில் மூன்று ட்ரெம்பர் மட்டும், மூன்று பெல் மட்டும், ஒன்று இரண்டும் சேர்ந்தது. எது எது என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சாதாரணமாகத் தெரியும் ஒன்பதிலும் ஒன்றே ஒன்றுதான் இரண்டு மரபணுவும் இல்லாத சுத்தம். மற்ற எட்டும் எதையாவது சுமக்கின்றன. இவற்றில் நான்கை யாரோ வாங்கிப்போய் வேறு நான்கோடு சேர்த்தால், அதன்பின் அந்தப் பரம்பரையில் எந்தக் கணிப்பும் எடுபடாது. பொறுப்பான வளர்ப்பாளர்கள் அல்பினோ வழிகளைக் கலக்கவே மாட்டோம் என்று சத்தியம் செய்துகொண்டிருப்பது இதனால்தான்.

இப்போது சொல்லின் உறுதியை நிறுத்துப் பார்க்கலாம். “அல்பினோ” என்பது கண்ணால் கண்டது. “ட்ரெம்பர்” என்பது கணக்கேட்டில் உள்ளது. கணக்கேடு எழுதியவரை நம்பினால் இதை நம்பலாம். வழி குறிப்பிடாமல் வெறும் “அல்பினோ” என்று மட்டும் எழுதியிருக்கும் பல்லியைச் செல்லமாக வளர்க்க வாங்கலாம். இணைசேர்க்க வாங்குவது வீண் செலவு.

“100% ஹெட் எக்ளிப்ஸ்”

எக்ளிப்ஸ் கண்ணைப் பற்றியது. கோடு போன்ற கருவிழியும் அதைச் சூழ்ந்த வெளிர்நிறமும் மறைந்து, கண் முழுக்க ஒரே நிறமாகிவிடும். சாதாரண உடம்பில் கறுப்பு, அல்பினோ உடம்பில் மாணிக்கச் சிவப்பு. பாதிக் கண் மட்டும் நிறைந்தால் பாம்புக்கண் என்பார்கள். இதுவும் ஒடுங்கு பண்பு. ட்ரெம்பர் அல்பினோ, எக்ளிப்ஸ், புள்ளியற்ற கோடு ஆகியவற்றைச் சேர்த்து ரான் ட்ரெம்பர் 2004இல் கொண்டுவந்த சிவப்புக்கண் பல்லிக்கு ரேப்டர் என்று பெயர். இப்படி முதலெழுத்துகளைக் கோத்துப் பெயர் சூட்டுவதில் இந்த உலகத்துக்கு அலாதிப் பிரியம். விளம்பரத்துக்கு அது உதவுகிறது. கணக்குப் போடுகிறவர் பெயரைப் பிரித்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஹெட் என்றால் ஒரு பிரதி மட்டும் உள்ளது, வெளியே தெரியாது. 100% என்றால் ஐயமே இல்லை என்று பொருள். வெளியே தெரியாததில் எப்படி ஐயமில்லாமல் இருக்க முடியும்? தாய் தந்தையரில் ஒருவர் கண்ணுக்குத் தெரியும் எக்ளிப்ஸாக இருந்தால் போதும். அவரிடம் இரண்டு பிரதி. எந்தக் குஞ்சுக்கும் ஒன்றைக் கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது. ஆக இந்தச் சொல் குஞ்சைப் பார்த்து எழுதியதன்று, பெற்றோரைப் பார்த்து எழுதியது.

ஒரு விஷயம் இதைக் கெடுக்கலாம். பெண் பல்லி ஆணின் விந்தை மாதக்கணக்கில் உள்ளேயே சேமித்துவைக்கக் கூடியது. மாசியில் ஓர் ஆணோடும் பிறகு வேறோர் ஆணோடும் சேர்ந்த பெண் ஆனியில் இடும் முட்டைக்கு யார் தந்தை என்று அடித்துச் சொல்ல முடியாது. தந்தைதான் எக்ளிப்ஸ் என்றால் 100% அப்போது வெறும் வாக்குறுதி. ஒரு பருவத்துக்கு ஒரே ஆண் என்று கட்டுப்பாடாக இருப்பவரிடம் மட்டுமே நூற்றுக்கு நூறு என்ற எண்ணுக்கு மதிப்பு உண்டு.

“66% ஹெட் பிளிஸார்ட்”

சீட்டில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் பகுதி இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பிளிஸார்ட் என்றால் புள்ளியோ பட்டையோ ஒன்றுமில்லாத ஒரே நிற உடம்பு. வெள்ளையிலிருந்து மஞ்சள் சாயல், சாம்பல் வரை போகும். ஒடுங்கு பண்பு. இதன் தாய் தந்தை இருவரும் பிளிஸார்டை ஒரு பிரதியாக மறைத்து வைத்திருந்தவர்கள் என்பதை 66 என்ற எண்ணே சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்ட இருவருக்குப் பிறப்பவற்றில் சராசரியாக நான்கில் ஒன்று பிளிஸார்ட், இரண்டு மறைவாகச் சுமப்பவை, ஒன்று சுமக்காதது. பிளிஸார்டாகப் பிறந்தது கண்ணுக்கே தெரியும். அதைத் தனியே எடுத்து வேறு விலைக்கு விற்றுவிடலாம். மீதி மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மூன்றில் இரண்டு சுமப்பவை. மூன்றில் இரண்டு, அதாவது 66%. பெற்றோரில் ஒருவர் மட்டும் சுமப்பவராக இருந்து மற்றவரிடம் அது அறவே இல்லாவிட்டால் எண் 50% ஆகும்.

இந்த எண் பல்லிக்கு உரியதன்று. டப்பாவில் இருக்கும் குஞ்சு மூன்றில் இரண்டு பங்கு பிளிஸார்டைச் சுமக்கவில்லை. ஒன்று சுமக்கிறது, இல்லையேல் சுமக்கவில்லை. அவள் கருவான அன்றே அது முடிந்துபோன விஷயம். 66 என்பது நமக்கு எவ்வளவு தெரியும் என்பதன் அளவு. இந்த வேறுபாட்டைத் தத்துவம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், முட்டைக் கணக்கிலேயே அடி விழும்.

ஓர் எடுத்துக்காட்டு. இவள் வளர்ந்த பிறகு இவளோடு ஒரு ரேப்டர் ஆணைச் சேர்க்கிறோம். அவன் பிளிஸார்டை உறுதியாக ஒரு பிரதி சுமப்பவன் என்று வைத்துக்கொள்வோம். ட்ரெம்பர், எக்ளிப்ஸ், பிளிஸார்ட் மூன்றும் ஒரே உடம்பில் தெரிந்தால் அது டயாப்லோ பிளாங்கோ: சிவப்புக் கண்ணும் வெள்ளை உடம்புமான, எல்லோரும் ஆசைப்படும் பல்லி. இணையர் இருவருமே ட்ரெம்பர் என்பதால் குஞ்சுகள் எல்லாம் ட்ரெம்பர். எக்ளிப்ஸ் வெளியே தெரிய இரண்டில் ஒன்று. பிளிஸார்டுக்கு, இவள் சுமப்பவளாக இருந்தால் நான்கில் ஒன்று. 66% என்பதால் அதை மூன்றில் இரண்டால் பெருக்க ஆறில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் முட்டைக்குப் பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு.

சிறுத்தைப் பல்லி ஒரு தடவைக்கு வழக்கமாக இரண்டு முட்டை இடும். ஒரு பருவத்தில் பல தடவை இடும். ஆறு ஈடு என்று வைத்தால் 12 முட்டை. பன்னிரண்டில் ஒன்று வாய்ப்பு, 12 முட்டை. ஒன்றாவது வந்துவிடும் என்று மனம் கணக்குப் போடும். முட்டைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று கொண்டாலே ஒன்றுகூட வராமல் போக 35% வாய்ப்பு உண்டு. ஆனால் அவை தொடர்பில்லாதவை அல்ல. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் இவள் பிளிஸார்டைச் சுமக்கவே இல்லை. அப்படியானால் 12 இட்டாலும் 100 இட்டாலும் பூஜ்யம்தான். சுமந்தாலும் முட்டைக்கு எட்டில் ஒன்றுதான். 12 முட்டையிலும் தவற ஐந்தில் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வெறுங்கையோடு நிற்கும் வாய்ப்பு 47%. 66% என்பது முட்டைதோறும் புதிதாகப் போடப்படும் சீட்டுக் குலுக்கல் இல்லை. ஒரே முறை குலுக்கி, அந்த முடிவே எல்லா முட்டைக்கும் பொருந்திவிடுகிறது. நிறம் கணிக்கும் செயலிகள் முட்டைக்கான வாய்ப்பைச் சரியாகவே காட்டும். ஒரு பருவத்துக்கான ஏமாற்றத்தை நாம்தான் கணக்கிட வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. இவளைக் கண்ணுக்குத் தெரியும் பிளிஸார்ட் ஆணோடு சேர்ப்பது. சுமப்பவளாக இருந்தால் குஞ்சுக்குப் பாதிக்குப் பாதி பிளிஸார்ட். ஒரே ஒரு பிளிஸார்ட் பொரித்தாலும் போதும், 66 உடனே 100 ஆகிவிடும். பொரிக்காவிட்டால்? முதல் ஈட்டில் இரண்டும் சாதாரணம் என்றால் 66% சரிந்து 33% ஆகும். இரண்டாவது ஈட்டிலும் அப்படியே என்றால் 11%. மூன்றாவதிலும் இல்லையென்றால் 3%. அதாவது மூன்று ஈடுகளில், கிட்டத்தட்ட ஒரு பருவத்துக்குள், வழக்கு முடிந்துவிடும். “மெய்ப்பித்தது” என்று எழுதி விற்கும் பல்லிக்கு விலை கூடுதல் என்றால் அது நியாயமான கூடுதல்.

பெருக்கலில் மறைந்து நிற்கும் ஓர் அனுமானத்தையும் சொல்லிவிட வேண்டும். எக்ளிப்ஸ் வாய்ப்பையும் பிளிஸார்ட் வாய்ப்பையும் தயங்காமல் பெருக்கினோம். இரண்டும் வெவ்வேறு குரோமோசோமிலோ, ஒரே குரோமோசோமில் ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலோ இருந்தால்தான் அது செல்லும். சிறுத்தைப் பல்லிக்கு 19 இணைக் குரோமோசோம்கள். இரண்டு மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்துவிடவும் கூடும். அப்படியானால் அவை சேர்ந்தே பயணம் செய்யும். 9:3:3:1 போன்ற விகிதங்கள் பொய்த்துப்போகும்.

மறைப்பு என்றொரு தொல்லையும் உண்டு. புள்ளியே இல்லாத பிளிஸார்டில் மேக் ஸ்னோவும் இருக்கிறதா என்று எளிதில் தெரியாது. சூப்பர் ஸ்னோவின் கண் எக்ளிப்ஸ் இல்லாமலே முழுக் கறுப்பு. அதில் எக்ளிப்ஸும் கூட இருந்தால் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. இணைசேர்க்கையைக் கணக்கிடும் கட்டத்தில் நான்கு வகை என்று எழுதியிருக்கும்; கூட்டில் இரண்டு வகைதான் கண்ணுக்குத் தெரியும்.

“டேஞ்சரின் வழி”

இதுவரை பின்னம் போட்டுப் பேசினோம். இந்தச் சொல்லுக்குப் பின்னமே கிடையாது. டேஞ்சரின் என்பது ஆரஞ்சு நிறம். அது ஒற்றை மரபணுவின் வேலையன்று. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து வருவது. ஆரஞ்சு மிகுந்ததை ஆரஞ்சு மிகுந்ததோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து ஏற்றிக்கொண்டே போனதன் பலன். உடம்பில் புள்ளி குறைந்த சூப்பர் ஹைப்போ, வாலில் ஆரஞ்சு ஏறிய கேரட் டெயில் எல்லாம் இதோடு கூட வருபவை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி “எத்தனையில் எத்தனை” என்பதன்று, “எவ்வளவு” என்பது. குஞ்சுகள் பெற்றோர் இருவருக்கும் இடைப்பட்டுப் பரவி விழும். சில மங்கல், சில பளிச்.

மேக் ஸ்னோ மஞ்சளைக் குறைப்பது, டேஞ்சரின் ஆரஞ்சை ஏற்றுவது. இரண்டும் ஒரே சீட்டில் வந்தால் ஒன்றையொன்று இழுக்கும். இப்படிக் கலந்ததில் அழகான வெளிர் ஆரஞ்சுகளும் உண்டு. ஆனால் ஒரு மாதக் குஞ்சில் ஆரஞ்சு இன்னும் வரவில்லை, பட்டைதான் தெரியும். பட்டை உடைந்து, நிறம் முழுசாகத் தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். “டேஞ்சரின் வழி” என்ற சொல்லால் விற்பவர் தருவது பெற்றோரின் நிறத்தை வைத்துச் சொல்லும் எதிர்பார்ப்பு மட்டுமே. வளர்ந்த தாய், தந்தை, முந்தைய ஈட்டுப் பிள்ளைகள் ஆகியோரின் படங்கள்தான் இதற்கு ஆதாரம். அவற்றைக் காட்டாதவர் இந்தச் சொல்லுக்குத் தனியாக விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

“80 டிகிரி”

ஃபாரன்ஹீட் கணக்கு, நம் அளவில் ஏறத்தாழ 27. முட்டையை வெர்மிகுலைட் போன்ற ஈரப்பொருளில் பாதி புதைத்து, திருப்பாமல் புரட்டாமல் அடைகாத்த வெப்பம் இது. பாலைத் தீர்மானிப்பதும் இதுவே. சிறுத்தைப் பல்லிக்குப் பால் குரோமோசோம் கிடையாது. 26 டிகிரி செல்சியஸ் பக்கம் அடைகாத்தால் பெரும்பாலும் பெண். 32, 33இல் பெரும்பாலும் ஆண். 34ஐத் தாண்டினால் மறுபடியும் பெண். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸ் குழுவினர் இந்தப் பல்லியை வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அடைகாத்த வெப்பம் பாலை மட்டுமன்றி வளர்ந்தபின் நடத்தையையும் மாற்றுகிறது என்று காட்டினார்கள்.

எனவே முதலில் எழுதிய 0.1 கடைசியில் எழுதிய 80இலிருந்து பெறப்பட்டது என்க. பார்த்து எழுதியதல்ல, பெரும்பாலும் சரியாக இருக்கும் ஊகம். சில மாதங்களில் இதைச் சரிபார்த்துவிடலாம்: ஆணுக்குப் பின்கால்களின் நடுவே தலைகீழ் ‘ப’ போலக் கவிழ்ந்த வளைவில் மெழுகுத் துளைகள் வரிசையாகத் தெரியும், பெண்ணுக்கு அப்படித் தெளிவாக இராது.

வெப்பம் நிறத்திலும் கை வைக்கிறது. சூட்டில் அடைகாத்த குஞ்சில் கருமை குறைந்து நிறம் பளிச்சென்று வரும். குளிரில் அடைகாத்ததில் கருமை கூடும். ட்ரெம்பர் அல்பினோவைக் குறைந்த வெப்பத்தில் அடைகாத்தால் சாக்லேட் பழுப்பாகவே வரும் என்பது வளர்ப்பவர் அனுபவம். ஆக, பெண் வேண்டும் என்று 80இல் வைத்தவர் நிறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார். இந்தக் குஞ்சு அதன் தந்தையைவிட மங்கலாக வளர்ந்தால் மரபணுவை நொந்துகொள்ள வேண்டாம். அந்த மங்கல் பிள்ளைகளுக்குப் போகாது. அது அடைகாத்த பெட்டியோடு முடிந்தது.

சீட்டில் எழுதாதது

சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் பொருள் கொள்வது உரைகாரர் கடமை. உடல்நலம் பற்றி இந்தச் சீட்டில் ஒரு சொல்கூட இல்லை. நிறத்தைக் கணிக்கும் அதே பின்னம் நோயையும் கணிக்கும் என்பதை லெமன் ஃப்ராஸ்ட் என்ற மார்ஃப் காட்டிக்கொடுத்தது. எலுமிச்சை மஞ்சளும் வெண்மையும் கலந்த அபூர்வ அழகு. அந்தக் கூட்டத்துக்கே மூலம் மிஸ்டர் ஃப்ராஸ்டி என்று செல்லப்பெயர் பெற்ற ஓர் ஆண் பல்லி. மேக் ஸ்னோவைப்போல ஒரு பிரதி இருந்தாலே தெரிவதால் பெருக்குவது எளிதாக இருந்தது. சில காலத்தில் அந்தப் பல்லிகளின் தோலில் வெள்ளைக் கட்டிகள் கிளம்பின. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லோங்ஹுவா குவோ, லியனிட் க்ருக்லியாக் ஆகியோரின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நிறம் ஸ்பின்ட்1 என்ற மரபணு இருக்கும் இடத்தோடு ஒட்டியிருப்பதைக் கண்டது. கட்டி வளராமல் தடுக்கும் மரபணு அது. ஒளியைத் திருப்பும் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால்தான் அந்த வெண்மை. அதே பெருக்கம்தான் கட்டி. லெமன் ஃப்ராஸ்ட் மரபணு உள்ளவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் கட்டி கண்டன. நிறத்தை வைத்துக்கொண்டு நோயை மட்டும் விலக்கிவிடலாம் என்று நல்ல இரத்தம் கலந்து பார்த்தவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றே என்றால் எதை விலக்குவது?

எனிக்மா என்பது இன்னொன்று. ஒழுங்கற்ற புள்ளிச் சிதறலுக்காக விரும்பப்பட்டது. ஓங்கு பண்பு, ஒரு பிரதி போதும். அதோடு கூடவே நரம்புக் கோளாறும் வந்தது: வட்டமிட்டுச் சுற்றுவது, தலையைச் சாய்த்து வானத்தைப் பார்ப்பது, இரையைக் குறி தவறிக் கொத்துவது. ஒன்றில் லேசாக, இன்னொன்றில் தின்ன முடியாத அளவுக்கு. பெற்றோர் நலமாக இருந்தால் பிள்ளையும் நலமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எனிக்மாவைச் சாதாரணத்தோடு சேர்த்தால் பாதிக் குஞ்சுகள் எனிக்மா என்று கணக்கு சரியாகச் சொல்லும். அந்தப் பாதியில் எது சுற்றிச் சுற்றி வரும் என்று சொல்லாது.

லெமன் ஃப்ராஸ்ட், எனிக்மா இரண்டையும் இன்றும் சிலர் விற்கிறார்கள், விலையும் சரிந்திருக்கிறது. யாரிடமாவது அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தால் அது சாகும்வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும், இணை மட்டும் சேர்க்க வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்கள் சீட்டில் அந்தப் பெயர்களில் எதைக் கண்டாலும், கூட எத்தனை அழகான சொற்கள் அடுக்கியிருந்தாலும், டப்பாவை மேசையிலேயே வைத்துவிடுங்கள்.